பலகைத் தளத்தில் கெட்டுப்போன மெருகைச் சீர்படுத்தும் முறை

மரப்பலகைகளால் அமைந்த தளங்கள் தமிழ்நாட்டுச் சமவெளிக் கிராமங்களில் எங்கும் காணப்படுவன அல்ல. எனினும் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் மச்சுகளிலும், நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைப் பிரதேசக் கட்டடங்களிலும், வேறு பல ஊர்களில் மாடியறைகளிலும் பண்டசாலைகளின் மேல்தட்டுகளிலும் அவை இன்றும் உபயோகத்தில் இருந்து வருகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை தேக்கு, பலா, வேங்கை முதலிய உறுதியான மரங்களால் ஆனவை. மெருகு தேய்ந்து அழுக்கேறிய தளத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் தீர்மானிப்பதுண்டு. சங்கக் கட்டடமாயின் நிர்வாகக் குழுவினர் தீர்மானிப்பர். வேலை செவ்வனே அமைந்தால் தளம் பல ஆண்டுகளுக்குப் பழுதின்றி நிற்கும். அமையாவிடின், பூச்சு உரிதல், பிசுபிசுத்தல், அலைபோன்ற பள்ளங்கள், வெண்மை படர்தல் முதலிய குற்றங்கள் சில நாட்களிலேயே வெளிப்படும். பணம் கொடுத்தவர் குறை கூறுவார். வேலை செய்தவர் மரத்தின்மேல் பழி போடுவார். இறுதியில், "முழுவதையும் மறுபடி தேய்த்துப் பூசுக" என்னும் உத்தரவே பெரும்பாலும் பிறக்கிறது.

இவ்வுத்தரவு பல சமயங்களில் அநாவசியமானது. சில சமயங்களில் கேடு விளைப்பது. இயந்திரத்தைக் கொண்டு ஒருமுறை முழுமையாகத் தேய்த்தால் பலகையின் கனத்தில் ஏறக்குறைய 1/32 அங்குலம் போய்விடும். நாக்கும் காடியுமாகப் பொருத்தப்பட்ட பலகைகளில், நாக்குக்கு மேலேயுள்ள மரம் பெரும்பாலும் கால் அங்குலமே இருக்கும். அதிலும் முன்னோர் காலத்துத் தேய்ப்புகளில் ஒரு பகுதி கழிந்திருக்கும். எஞ்சிய மரம் மெலிந்தால் காடியின் மேலுதடு பிளந்து, ஆணிகள் தலை நீட்டத் தொடங்கும். அதன்பின் தளத்தையே மாற்ற நேரிடும். பழைய வீடுகள் பலவற்றிலுள்ள மரம் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்காகும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வர்த்தகம் முறிந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் அரசாங்கம் மரங்களை அறுக்காமல் முழுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. ஆகவே அத்தகைய பழமரத்தை இழந்தால் அதற்கு ஈடு காண்பது அரிது. பூச்சைத் திரும்பத் திரும்பப் பூசலாம். தேய்த்து எடுத்த மரத்தைத் திரும்பச் சேர்த்தல் இயலாது. ஆதலால் மறுபடி தேய்ப்பதற்கு முன், குற்றம் எதனால் நேர்ந்தது என்று இரண்டொரு நாள் ஆராய்தல் அவசியமாகும்.

குற்றம் பிறக்கும் மூன்று இடங்கள்

தளத்தைப் புதுப்பிக்கும் வேலையில் மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது, பலகைகள் உலர்ந்தும் உறுதியாகவும் இருக்குமாறு செய்தல். இரண்டாவது, பழைய பூச்சை நீக்கி மரத்தைத் தேய்த்துச் சமப்படுத்தல். மூன்றாவது, புதிய பூச்சைப் பூசி உலரவிடுதல். குற்றமும் இம்மூன்றில் ஒன்றிலேயே பிறக்கும். பூச்சில் மட்டும் பிறந்த குற்றத்திற்கு மரத்தைத் தொட வேண்டியதில்லை. தேய்ப்பில் பிறந்த குற்றத்தைத் தேய்ப்பினாலன்றித் தீர்க்க முடியாது. ஈரத்தினால் பிறந்த குற்றத்தை, ஈரம் போகுமட்டும் எவ்விதப் பூச்சும் தேய்ப்பும் தீர்க்கமாட்டா. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பது எவ்வாறு தவறோ, அவ்வாறே இம்மூன்றையும் பகுத்தறியாமல் வேலை தொடங்குவதும் தவறாகும்.

பரீட்சை செய்யும் விதம்

பின்வரும் பரீட்சைகளுக்கு விசேஷக் கருவிகள் தேவையில்லை. அவற்றைப் பெட்டி, அலமாரி முதலியவற்றின் அடியில் மறைந்திருக்கும் மூலையிலேயே செய்தல் நன்று.

(1) விளக்குப் பரீட்சை. இரவில் சன்னல்களை மூடி, ஒரு கைவிளக்கைத் தரையோடு தரையாக வைத்து, அதன் ஒளி தளத்தின்மீது சாய்வாகப் பரவுமாறு செய்து பார்க்க வேண்டும். கீறல்களும், இயந்திரம் நின்ற இடத்துப் பள்ளங்களும், தூரிகைக் கோடுகளும், தூசி ஒட்டிய பருக்களும் தனித்தனியே புலப்படும். கோடு பூச்சின் மேலே உள்ளதா, அதன் அடியில் மரத்திலேயே உள்ளதா என்பதை விரல் நகத்தால் தடவி அறியலாம். மேலேயுள்ளது நகத்தில் தடைப்படும்.

(2) சட்டப் பரீட்சை. நேரான இரும்புச் சட்டமொன்றைப் பலகையின் குறுக்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பலகையின் இரு ஓரங்களும் உயர்ந்து நடு குழிந்திருக்கிறது. ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால் நடு புடைத்திருக்கிறது. இவையிரண்டும் ஈரத்தின் அடையாளங்கள்.

(3) கீற்றுப் பரீட்சை. கூரிய கத்தியால் பூச்சின்மீது நெருக்கமாக ஐந்தாறு கீற்றுகளும், அவற்றின் குறுக்கே அதேபோல் ஐந்தாறு கீற்றுகளும் இட்டு, ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்க வேண்டும். சதுரங்கள் பெயர்ந்து நாடாவோடு வந்தால் பூச்சு மரத்தைப் பற்றவில்லை என்பது நிச்சயம்.

(4) திராவகப் பரீட்சை. ஏற்கெனவே பூசியிருப்பது எது என்பதை இது காட்டும். வெள்ளைத் துணியை டர்பன்டைனில் நனைத்துத் தேய்க்கும்போது வழுவழுப்பான அழுக்கு துணியில் ஏறினால் மேலே மெழுகு இருக்கிறது. அதன்பின் அதே இடத்தில் ஸ்பிரிட் ஒரு துளி விட்டு, அரை நிமிஷம் கழித்துப் பஞ்சால் துடைக்க வேண்டும். பூச்சு கரைந்து பஞ்சில் மஞ்சள் நிறம் ஏறினால் அது அவலரக்குப் பாலிஷ். நீர்க்கலப்புப் பூச்சு ஸ்பிரிட்டில் சற்று இளகுவதுண்டு. ஆயினும் அரக்கைப்போல் கரைந்து வராது. ஸ்பிரிட்டுக்கு அசையாதது தின்னருக்கு இளகினால் அது லாக்கர் வகை. இரண்டுக்கும் அசையாதது எண்ணெய் வார்னிஷாகவோ பாலியூரிதேனாகவோ இருத்தல் கூடும்.

பூச்சில் மட்டும் உள்ள குற்றங்கள்

தூசிப் பருக்கள், குமிழிகள், தூரிகைக் கோடுகள், ஓரிடத்தில் மினுக்கமும் ஓரிடத்தில் மங்கலுமாக இருத்தல் ஆகியவை எளிய குற்றங்கள். கீற்றுப் பரீட்சையில் பூச்சு உறுதியாய் நின்றால், இவற்றிற்காக மரம்வரை செல்ல வேண்டியதில்லை. பூச்சு நன்றாக இறுகும்வரை காத்திருந்து, 220 எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, இழையோட்டத்தின் வழியே லேசாகத் தேய்க்க வேண்டும். மேற்பரப்பு முழுதும் பால்போல் மங்கினால் போதும். மரநிறம் வெளிப்படக் கூடாது. தூசியைத் துடைத்தெடுத்து, முன்பு பூசிய அதே வகைப் பூச்சை மெல்லியதாக ஒருமுறை பூசினால் குற்றம் மறையும். ஒரே தளத்தில் பாதியை மட்டும் பூசினால் சேர்க்கை தெரியுமாதலால், சுவர் முதல் சுவர் வரை பூசுதல் வேண்டும்.

அவலரக்குப் பாலிஷில் வெண்மை படர்வது, மழைக்காலத்தில் பூசியதனால் காற்றின் ஈரம் பூச்சினுள் அகப்பட்டதன் விளைவாகும். வறண்ட வெயில் நாளில், ஸ்பிரிட்டில் நனைத்து நன்கு பிழிந்த துணிப்பொதியால், ஓரிடத்திலும் நிறுத்தாமல் விரைந்து துடைத்தால் பூச்சு இளகி, அடைபட்ட ஈரம் வெளியேறி, வெண்மை நீங்கும்.

பூச்சு உலராமையும் உரிதலும்

தேக்குத் தளங்களில் அடிக்கடி நேரும் குற்றம் இதுவே. ஸ்பிரிட் பாலிஷ் அதிலுள்ள ஸ்பிரிட் ஆவியாகிப் போவதால் உலருகிறது. எண்ணெய் வார்னிஷ் அப்படியன்று. அது காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்து இறுகுகிறது. தேக்கு மரத்தில் இயற்கையாக உள்ள எண்ணெய்ச் சத்துக்கள் கறையானை விலக்கி மரத்தைக் காப்பாற்றுகின்றன. அச்சத்துக்களே வார்னிஷ் இறுகுவதையும் தடுத்துத் தாமதப்படுத்துகின்றன. அன்றியும் அவை மரத்தின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலமாக நின்று, பூச்சு பற்றிக்கொள்ள இடங்கொடுப்பதில்லை. பலா மரத்திலும் வேங்கையிலும் பழுதின்றி அமைந்த பூச்சு தேக்கில் பிசுபிசுத்து நிற்பதற்கு இதுவே முக்கிய காரணமாகும். பூச்சைக் கனமாகப் பூசினால் குற்றம் இரட்டிக்கும். மேலே ஆடை கட்டிக்கொண்டு, உள்ளே காற்றுப் புகாமல், அடிப்பாகம் பலநாள் பச்சையாகவே இருக்கும்.

பூச்சு பிசுபிசுப்பாக இருப்பின் முதலில் சன்னல்களைத் திறந்து, காற்றோட்டம் உண்டாக்கி, இரண்டு வாரம் பொறுத்திருத்தல் நன்று. அப்போதும் விரல் ஒட்டினால், அப்பூச்சின்மேல் வேறொன்றைப் பூசுவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. இளகிய பூச்சை உப்புத்தாளால் தேய்க்க முற்பட்டால் தாளின் துகள்கள் அடைபட்டுத் தாள்கள் வீணாகும். ஆகவே அதைச் சுரண்டுத் தகட்டால் சுரண்டியெடுத்து, எஞ்சியதை அப்பூச்சுக்குரிய திராவகத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மரம் உலர்ந்தபின் 100 எண் தாளால் கைத்தேய்ப்பாக ஒருமுறை தேய்த்து, மறுபடியும் புதிய துணியைத் தின்னரில் நனைத்து மேற்பரப்பைத் துடைத்து, தின்னர் ஆவியானவுடன் காலந்தாழ்த்தாமல் முதற்பூச்சைப் பூச வேண்டும். துடைத்த பலகையை இரவு முழுவதும் வெறுமனே விட்டால், உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வந்து சேரும்.

முதற்பூச்சாக அவலரக்கைப் பூசுதல் இக்குற்றத்திற்கு நல்ல பரிகாரமாகும். மரத்தின் எண்ணெய்க்கும் மேற்பூச்சுக்கும் இடையே அது தடுப்பாக நிற்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 150 கிராம் அவலரக்கு வீதம் கண்ணாடிப் பாத்திரத்தில் கரைத்து, சில நாட்கள் அசையாமல் வைத்தால், அரக்கில் இயற்கையாயுள்ள மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்து உபயோகிக்க வேண்டும். மெழுகோடு பூசினால் பாலியூரிதேன் அதன்மேல் சரிவரப் பற்றாது. பல மாதங்களுக்கு முன் கரைத்து வைத்த அரக்கு நன்றாக இறுகாதாகையால் புதிதாகக் கரைத்ததையே பூசுதல் வேண்டும்.

பூச்சு ஏடு ஏடாக உரிந்து வருமாயின், மெழுகு நீக்கப்படாத தளத்தின்மீது பூசியிருத்தல், முற்பூச்சு முற்றிலும் இறுகியபின் அதை மங்கச் செய்யாமல் மேலே பூசியிருத்தல், தேய்த்த தூசியைத் துடைக்காமல் விட்டிருத்தல் என்னும் இவற்றில் ஒன்று காரணமாயிருக்கும். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால், நாளடைவில் அடுத்த இடம் உரியும். கீற்றுப் பரீட்சையை அறையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் செய்து பார்த்து, எல்லா இடத்திலும் பெயருமானால் பூச்சு முழுவதையும் சுரண்டி நீக்குதலே சிக்கனம். பற்றாத பூச்சாதலால் அது தகட்டுக்கே எளிதில் வந்துவிடும். பெரிய இயந்திரம் தேவைப்படுவது அரிது.

தேய்ப்பில் நேர்ந்த குற்றங்கள்

உருளை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் ஓரிடத்தில் நின்றால், அங்கே கண நேரத்தில் பள்ளம் விழும். சுவரோரத்தில் சிறிய வட்ட இயந்திரத்தால் தேய்த்த பகுதி, நடுப்பகுதியிலிருந்து நிறம் வேறுபட்டுச் சட்டம் போட்டாற்போல் தோன்றும். கரடுமுரடான தாளுக்குப் பின் இடைத்தாள்களை விட்டுவிட்டு நேரே நயமான தாளுக்குத் தாவினால், முதல் தாளின் கீறல்கள் போகாமல் நின்று, பூச்சு பட்டவுடன் பளிச்சென்று வெளிப்படும். தளத்திற்குச் சாயம் ஏற்றியிருந்தால் கீறல்கள் சாயத்தை அதிகமாக உறிஞ்சிக் கருங்கோடுகளாகத் தோன்றும்.

இக்குற்றங்கள் மரத்திலேயே உள்ளவை. சாய்ந்த விளக்கில் மட்டும் தெரிந்து, பகலில் நடப்பவர் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய அலைகளை அப்படியே விட்டுவிடுதல் விவேகம். கண்ணை உறுத்தும் பள்ளங்களும் கீறல்களும் இருந்தால், மறுபடி தேய்ப்பதற்கு முன் பலகையின் எஞ்சிய கனத்தை அளந்தறிய வேண்டும். வாயிற்படியருகிலோ, பலகைகளுக்கிடையே விரிந்த சந்திலோ மெல்லிய தகடொன்றை நுழைத்தால், மேற்பரப்பிலிருந்து நாக்கு எவ்வளவு ஆழத்தில் தடுக்கிறது என்பது தெரியும். அது 1/8 அங்குலத்திற்குக் குறைவாயிருப்பின் இயந்திரத்தைக் கொண்டுவரலாகாது; குற்றமுள்ள இடங்களை மட்டும் தச்சர் கையால் சுரண்டிச் சீர்செய்தல் வேண்டும்.

ஈரத்தினால் நேரும் குற்றங்கள்

மரம் ஈரத்தைக் கிரகிக்கும்போது அகலத்தில் விரியும், உலரும்போது சுருங்கும். பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரையில் தேக்கின் சுருக்கம், ஆண்டு வளையங்களின் போக்கில் நூற்றுக்கு 5.8 பங்கும், மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் 2.5 பங்கும் ஆகும். பல மரங்களோடு ஒப்பிட இது சொற்பமே. ஆயினும் மரத்தின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு மாறினால், 6 அங்குல அகலமுள்ள தேக்குப் பலகை ஏறக்குறைய 1/20 அங்குலம் வரை அகலம் மாறக்கூடும். பங்குனியில் விரிந்திருக்கும் சந்துகளில் கெட்டியான பட்டியை அடைத்தால், கார்த்திகையில் பலகை விரிந்து பட்டியை நசுக்கி வெளியே தள்ளும். அடைத்த பட்டி பொடிந்து உதிர்வது வேலைக்காரரின் குற்றம் என்று கருதப்படுவதுண்டு. உண்மையில் அடைக்கத் தகாத சந்தை அடைக்கச் சொன்னதே காரணமாகும். ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் சிறு சந்துகளை அப்படியே விடுதல் வேண்டும். எந்தப் பருவத்திலும் மூடாத பெரிய சந்துகளில் மட்டும், அதே மரத்தின் மெல்லிய கீற்றுகளை ஒரு பக்கத்தில் மட்டும் பசையிட்டுப் பதிக்கலாம்.

பலகையின் ஓரங்கள் உயர்ந்து நடு குழிந்திருப்பது, அடிப்பாகம் மேற்பாகத்தைவிட அதிக ஈரமாயிருப்பதன் அடையாளம். இந்நிலையில் உயர்ந்த ஓரங்களைத் தேய்த்துச் சமப்படுத்துவதே பலரும் செய்யும் பிழை. பின்னர் அடிப்பாகம் உலர்ந்து பலகை தன் பழைய வடிவத்திற்குத் திரும்பும்போது, தேய்ந்த ஓரங்கள் தாழ்ந்து நடு புடைத்து நிற்கும். ஒரு குற்றம் போய் மற்றொன்று வரும். ஆகவே முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டு அடைக்க வேண்டும். கீழ்த்தளமாயின் தளத்தின் அடியில் காற்றுப் போவதற்கு விட்டிருந்த துவாரங்கள் மண் அடைத்தோ, செங்கல் வைத்தோ மூடப்பட்டிருக்கும். மச்சாயின் ஓடு விலகி மழைநீர் ஒழுகும். தினந்தோறும் வாளியால் நீர் ஊற்றித் தளத்தைக் கழுவும் வழக்கமும் இத்தகைய கேட்டை விளைக்கும். காரணம் நீங்கியபின் ஒரு கோடை கழியும்வரை பொறுத்தால், பெரும்பாலான பலகைகள் தாமாகவே சமமாகும். அக்காலத்தில் சட்டங்களிலும் உத்திரங்களிலும் கறையானோ உளுவோ பற்றியுள்ளதா என்று தட்டிப் பார்த்தல் அவசியம்.

மறுபடி தேய்க்க வேண்டி வந்தால்

தேய்ப்புத் தவிர வேறு வழியில்லை என்று தெளிந்தபின், வேலையைப் பின்வரும் முறையில் செய்தல் வேண்டும்.

ஆணித்தலைகள் யாவற்றையும் மரப்பரப்புக்குக் கீழே இறக்க வேண்டும். ஒரே ஆணி இயந்திரத்தின் தாளைக் கிழிப்பதோடு தீப்பொறியும் எழுப்பும். பலகைகளின் குறுக்கே பென்சிலால் கோடுகள் இட்டு, அவை எங்கும் ஒரே சீராக அழிகின்றனவா என்று பார்த்துக்கொண்டே தேய்த்தால், மிகையாக மரம் போகாது. கனமான பூச்சு இருந்தால் மட்டும் 40 எண் தாளில் தொடங்கலாம். ஏற்கெனவே ஒருமுறை தேய்த்த தளத்திற்குப் பெரும்பாலும் 60 எண்ணே போதும். அதன்பின் 80, அதன்பின் 100 அல்லது 120 என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். இடையில் ஒரு படியும் விடலாகாது. பள்ளமேடுள்ள தளத்தில் முதல் தேய்ப்பைப் பலகைகளுக்குச் சாய்வாக நடத்தி, அடுத்தவை எல்லாம் இழையோட்டத்தின் வழியே நடத்துதல் வேண்டும். இயந்திரம் நகரத் தொடங்கியபின்பே உருளையை இறக்கவும், நிற்பதற்கு முன்பே அதைத் தூக்கவும் வேண்டும். சுவரோரங்களைச் சுரண்டுத் தகட்டாலும் கைத்தாளாலும் முடித்தால், சட்டம் போட்ட தோற்றம் ஏற்படாது. ஒவ்வொரு படிக்குப் பின்னும் துகள்களை முற்றும் கூட்டியெடுத்தல் வேண்டும். முதல் தாளிலிருந்து உதிர்ந்த ஒரு கரடான துகள், அடுத்த தாளின்கீழ் அகப்பட்டு நீண்ட கீறலை உண்டாக்கிவிடும்.

பூசும் பருவமும் முறையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது இவ்வேலையைத் தொடங்குதல் தகாது. தை முதல் பங்குனி வரையிலான காலம் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஏற்றது. காலையில் பனி விலகியபின் தொடங்கி, மாலைக்குள் முதல் பூச்சு கைக்கு ஒட்டாத நிலையை அடையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் உழைத்தவர்களும் கண்டறிந்த பாலியூரிதேன், இக்காலத்தில் மரத்தளங்களுக்குப் பெரிதும் உபயோகமாகிறது. அதன் பூச்சு உறுதியானது. ஆனால் ஓரிடத்தில் கெட்டால் அவ்விடத்தை மட்டும் மறையச் செய்வது கடினம். அவலரக்கும் தேன்மெழுகும் நீருக்கும் வெப்பத்திற்கும் அவ்வளவு தாங்கமாட்டா. ஆனால் கெட்ட இடத்தை எவரும் எளிதில் சீர்செய்யலாம். சொற்ப நடமாட்டமுள்ள வீட்டு மச்சுக்குப் பின்னதும், பலர் வந்துபோகும் சங்க அறைக்கு முன்னதும் பொருந்தும்.

எந்தப் பூச்சாயினும் மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுவது, கனமாக ஒருமுறை பூசுவதைவிடச் சிறந்தது. ஒரு லிட்டர் வார்னிஷ் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு ஒருமுறை பூசப் போதுமானது. ஆகவே 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள அறைக்கு இருமுறை பூச 6 லிட்டர் தேவையாகும். வார்னிஷ் டப்பாவைக் குலுக்கினால் குமிழிகள் உண்டாகும். மெதுவாகக் கிளறுதல் வேண்டும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே டப்பாவில் குறித்துள்ள காலத்தை அனுசரித்தல் அவசியம். அக்காலம் கடந்துவிட்டால் 220 எண் தாளால் மங்கச் செய்தபின்பே மேலே பூச வேண்டும். எண்ணெய்க்கலப்புப் பாலியூரிதேன் மறுநாள் வெறுங்காலால் நடக்கத் தாங்குமாயினும், முற்றும் இறுகுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். அதுவரையில் பாய், கம்பளம் விரிப்பதும், மூட்டைகளை இழுப்பதும் கூடாது.

ஜாக்கிரதையாயிருக்க வேண்டிய அபாயங்கள்

எண்ணெயிலும் வார்னிஷிலும் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடுதல் பேரபாயம். எண்ணெய் பிராணவாயுவைக் கிரகிக்கும்போது உஷ்ணம் உண்டாகிறது. துணி குவிந்திருந்தால் அவ்வுஷ்ணம் வெளியேற வழியின்றிப் பெருகி, எவரும் நெருப்பு வைக்காமலே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 38 மாடிகளுள்ள கட்டடமொன்றின் 22-வது மாடியில், மரச்சுவர்களைப் புதுப்பித்த வேலையாட்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளிலிருந்து இவ்வாறு எழுந்த தீயை அணைக்கச் சென்ற மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிர் துறந்தனர். துணிகளை வேலை முடிந்தவுடன் வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்த வேண்டும். அல்லது மூடியுள்ள இரும்பு வாளியில் நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இயந்திரப் பையிலுள்ள பூச்சுத் துகள்களையும் இரவில் கட்டடத்திற்குள் வைக்கலாகாது.

மரத்தூள் சுவாசத்திற்குத் தீங்கானது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் அதைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் உண்டாக்கும். ஆதலால் வேலையாட்கள் தகுந்த முகமூடி அணிதல் வேண்டும்; குழந்தைகளை அருகில் விடலாகாது. தளத்தின்மீது பழைய வர்ணப்பூச்சு இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பர் 1 முதலே முழுமையாக அமலுக்கு வந்தது. அத்தகைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காமல், ஈரமாக்கிச் சுரண்டியெடுத்தல் வேண்டும். ஸ்பிரிட், தின்னர் உபயோகிக்கும் அறையில் அடுப்பு, சுருட்டு முதலிய நெருப்பு எதுவும் இருத்தல் கூடாது.

ஒப்பந்தமும் சங்கத்தின் உதவியும்

கெட்டுப்போன வேலைகளில் பல, தொடக்கத்தில் நிபந்தனைகள் எழுதப்படாமையால் கெட்டவையே. "தளத்தைத் தேய்த்து மெருகிட இவ்வளவு தொகை" என்று மட்டும் பேசிக்கொண்டால், வழக்கு நேரும்போது இருதரப்பாரிடமும் காட்டத்தக்க ஆதாரம் இராது. ஆகவே பின்வரும் அம்சங்களை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுதல் நன்று.

(1) எந்தெந்த எண் தாள்களால் தேய்க்கப்படும் என்பது. (2) பூச்சின் வகை, எத்தனை முறை, எவ்வளவு இடைக்காலம் என்பது. காலி டப்பாக்களைச் சங்கத்திலோ வீட்டுக்காரரிடமோ ஒப்படைத்தல். (3) முழு வேலைக்கு முன், மறைவான மூலையில் 2 அடிச் சதுரம் மாதிரியாகச் செய்து காட்டி, ஒரு வாரம் கழித்துக் கீற்றுப் பரீட்சையில் அது தேறியபின் மற்றதைத் தொடங்குதல். (4) கூலியில் நான்கில் ஒரு பங்கை, பூச்சு இறுகும் ஒரு மாதம் கழித்துக் கொடுத்தல். இந்த மாதிரிச் சதுரம் வேலைக்காரருக்கும் பாதுகாப்பே. மரம் எண்ணெய்ச் சத்து மிகுந்ததாயின் அது அப்போதே வெளிப்பட்டு, பின்னர் பழி அவர்மேல் வராது.

தேய்ப்பு இயந்திரம் தனி மனிதர் விலைக்கு வாங்கத் தகுந்ததன்று. ஒரு தளத்திற்குச் சில நாட்களே அது வேண்டும். பழைய மரவீடுகள் மிகுந்த ஊர்களில், சங்கமே ஒரு சிறிய இயந்திரத்தையும், சுரண்டுத் தகடுகள், விளக்கு, இரும்புச் சட்டம், முகமூடிகள் ஆகியவற்றையும் வாங்கி, அங்கத்தினர்களுக்கு முறைவைத்து வாடகைக்குக் கொடுத்தால் யாவருக்கும் சௌகரியமாகும். தளத்தின் கனத்தையும், எந்த ஆண்டில் எந்தப் பூச்சு பூசப்பட்டது என்பதையும் ஒரு சிறு புத்தகத்தில் குறித்துவைத்தால், அடுத்து வேலை செய்பவர் மறுபடியும் பரீட்சைகளில் காலம் போக்க வேண்டிவராது.

சுருங்கக் கூறின், பூச்சின் குற்றத்தைப் பூச்சாலும், தேய்ப்பின் குற்றத்தைக் கூடியவரை கையாலும் தீர்த்து, ஈரத்தின் குற்றத்திற்கு ஒரு கோடைக்காலம் பொறுத்திருத்தல் வேண்டும். இயந்திரம் கடைசி உபாயம். இவ்வரிசையைத் தவறாமல் கடைப்பிடிக்கும் வீட்டில், பாட்டனார் காலத்துப் பலகை பேரன் காலத்திலும் கால்படத் தாங்கி நிற்கும்.